வீட்டைக் கேட்டு எழுதுங்கள்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சர் அவர்களுக்கும், சமூக நல இலாகாவின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், சிறார் நீதிமன்றங்களில் ஆலோசகர்களாக உட்காரும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் தொழில். பக்கத்துக்கு 20 சென். பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பியும் கொடுப்பேன். அதற்குக் காசு வாங்குவதில்லை, சிலர் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

இந்த ஊரைச் சரித்திரப் புத்தகத்தில் தேடினால் 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்துத் துரை சுடப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்ததும் இருக்கும். அப்புறம் யாரும் எங்களை அதிகம் விசாரித்ததில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்தார்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போன அம்மாக்களின் மகள்கள் இன்று தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள்.

கடைக்கு வருகிறவர் கையில் இருக்கும் தாள்களை வைத்தே வந்த காரியத்தைச் சொல்லிவிடுவேன். ஐசியும் (அடையாள அட்டை) சம்பளச் சீட்டும் மட்டும் என்றால் மோட்டார் லோன். பிறப்புப் பத்திரத்தோடு படம் இரண்டு என்றால் பள்ளிக்கூடம். ஒரு அம்மா தன் ஐசி, பையனின் ஐசி, பிறப்புப் பத்திரம், பள்ளி ரிப்போர்ட், புருஷனின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து, "எல்லாத்துலயும் மூணு மூணு எடுங்க" என்று மெல்லிய குரலில் சொன்னால், பிள்ளை எதிலோ மாட்டியிருக்கிறான். நானும் ஒன்றும் கேட்பதில்லை. எடுத்துக் கொடுப்பேன்.

அந்தப் பிளாஸ்டிக் பை என் வீட்டிலிருந்தே கடைக்கு வந்த பிறகுதான் இந்த மடலை எழுத நினைத்தேன்.

என் தம்பி மகனுக்கு அப்போது வயது 15, மூன்றாம் படிவம். வாரக் கடைசியில் சிநேகிதன் வீட்டுக்கு என்று வேறு மாவட்டத்துக்குப் போனவன், அங்கே நாலு பையன்களோடு சேர்ந்து ராத்திரியில் செம்பனைக் குலை திருடப் போயிருக்கிறான். லோரி ஒருத்தனுடைய உறவுக்காரருடையது. இவன் வேலை டார்ச் லைட் பிடிப்பது. பிடிபட்டார்கள். செய்தது தப்பு. அதை மறைக்க நான் எழுதவில்லை. அவன் பெயரையும் ஊர்களையும் சொல்லப் போவதில்லை. சட்டத்தின் 15-ஆம் பிரிவும் சொல்லக்கூடாது என்கிறது, நல்ல பிரிவு அது.

சட்டம் என்றால் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம். 2002 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்து, 2016-இல் திருத்தப்பட்டது. தம்பி மனைவிக்காக அதை அச்சடித்தபோது எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே படிக்க ஆரம்பித்தேன், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையைக் கைது செய்தால் போலீஸ் உடனே பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 87-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவித்தார்கள். ராத்திரி 11.40-லிருந்து மூன்று தடவை தம்பி மனைவியின் போனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவள் கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், போன் லாக்கரில். தம்பி லோரி ஓட்டிக்கொண்டு ஜொகூர் பக்கம். காலை ஏழே காலுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்து பார்க்கிறாள், தெரியாத நம்பர். மோசடிக்காரன் என்று நினைத்து அழித்துவிட்டாள். பத்து மணிக்கு மறுபடி அழைப்பு வந்தபோது பையனை ரிமாண்டுக்காக கோர்ட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதும் சட்டம்தான். எல்லாம் சட்டப்படி நடந்தது, அம்மா மட்டும் பக்கத்தில் இல்லை.

இதுகூடப் பெரிய குறையில்லை. நான் சொல்ல வந்தது அடுத்து நடந்தது.

தண்டனை முடிவாகும் முன் நன்னடத்தை அதிகாரி வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவார். கோர்ட் அதைப் பார்த்துத்தான் எச்சரித்து விடுவதா, கண்காணிப்பில் வைப்பதா, துனாஸ் பக்தி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதா, ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கா என்று தீர்மானிக்கும். அதாவது பிள்ளையின் இரண்டு மூன்று வருஷம் அந்த நாலைந்து பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அதிகாரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11 மணிக்கு. சின்ன வயது மலாய்ப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டு, சலாம் சொல்லி, தரையிலேயே உட்கார்ந்தாராம். நல்ல பிள்ளை. வீட்டில் இருந்தது என் அம்மா மட்டும். எழுபத்தாறு வயது, வெளித்திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நேனேக் (பாட்டி), பேரன் சொன்ன பேச்சு கேட்பானா?" என்று மலாயில் கேட்டிருக்கிறார்.

அம்மா சிரித்துக்கொண்டே, "மானா டெங்கார்! சாமா டியா புஞா டத்தோ!" என்று தோட்டத்து மலாயில் சொல்லியிருக்கிறார். எங்கே கேக்குறான், அப்படியே அவங்க தாத்தா.

தமிழ் வீட்டில் பாட்டி இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களில் தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது குறை இல்லை, கொஞ்சல். பேரனைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று திட்டுகிற தலைமுறை அது. செத்துப்போன புருஷனைப் பேரனிடம் பார்க்கிற சந்தோஷமும் அதில் இருக்கிறது. அதிகாரி எழுதிக்கொண்டார். கோர்ட்டில் அறிக்கையின் சாரத்தைச் சொன்னபோது அது "டி லுவார் காவாலான்" ஆகியிருந்தது. கட்டுப்பாட்டுக்கு வெளியே.

அதே வீட்டில் மேசைமேல் அம்மாவின் மாத்திரை டப்பா இருந்தது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, அரை மாத்திரையாக உடைத்துப் போட வேண்டியது ஒன்று. ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் அதை நிரப்புகிறவன் இந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிற பையன்தான். அவன் ரிமாண்டில் இருந்த வாரம் அம்மா எல்லா மாத்திரையையும் காலையிலேயே போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தார். அறிக்கையில் டப்பா இல்லை. அதிகாரிமேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த டப்பாவை நிரப்புவது யார் என்று கேட்கும்படி அவர் கையில் இருந்த பாரத்தில் எந்தக் கேள்வியும் இருந்திருக்காது. ஆளுக்கு எத்தனை கேஸ் சுமக்கிறார்கள் என்பதும் அவர் கண்ணைச் சுற்றிய கருப்பிலேயே தெரிந்தது. (பிறகு அவரை நானும் பார்த்தேன்.)

அறிக்கையில் முக்கியமானது என்று கோர்ட் நினைப்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும், அவர்கள் மறுத்து ஏதாவது காட்ட விரும்பினால் அதற்கு இடம் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சொன்னார்கள், மலாயில், வேகமாக. தம்பி மனைவி ராத்திரி வேலை முடித்து நேரே வந்தவள். "யா துவான், யா துவான்" (ஆமாங்க ஐயா) என்று தலையாட்டியிருக்கிறாள். வெளியே வந்து என்னிடம், "அக்கா, ஏதோ காவாலான்னு சொன்னாங்க, நல்லதுதானே?" என்றாள். காவல் என்ற சொல் அவள் காதில் தமிழாக விழுந்திருக்கிறது.

இப்போது சட்டப் பிரதிக்கு வருகிறேன். அதில் பெற்றோர் என்ற சொல் வருகிற இடங்களில் எல்லாம் மஞ்சள் மையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நிறைய இருக்கிறது. 88-ஆம் பிரிவில் கோர்ட்டுக்கு வர வேண்டும். 93-ஆம் பிரிவில் பிள்ளையின் நடத்தைக்கு ஜாமின் பத்திரம் எழுத வேண்டும். பிள்ளையோடு போய்க் குறித்த நாளில் கையெழுத்துப் போடுவது, பட்டறையில் கலந்துகொள்வது, மாதம் ஒரு தடவை ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் பார்ப்பது, பிள்ளை பள்ளியில் அடைக்கப்பட்டிருந்தால் தவறாமல் போய்ப் பார்ப்பது என்று அந்தப் பத்திரத்தில் நிபந்தனை போடலாம். மீறினால் அபராதம். பெற்றோரை வரச் சொல்லும், கட்டிப் போடும், தண்டம் கட்டச் சொல்லும் சட்டம். உன் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று நீ நினைக்கிறாய் என்று கேட்கிற இடத்தை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அதற்குப் பக்கத்தில் வருகிற ஒரே வரி 11-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆலோசகர்களே, அது உங்களைப் பற்றியது. மாஜிஸ்திரேட்டுக்கு இரு பக்கமும் இரண்டு ஆலோசகர்கள், அதில் ஒருவர் பெண். உங்கள் வேலை இரண்டு: உத்தரவு பற்றிக் கோர்ட்டுக்கு ஆலோசனை சொல்வது ஒன்று, தேவைப்பட்டால் பெற்றோருக்கு ஆலோசனை சொல்வது இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் எத்தனை தடவை செய்திருக்கிறீர்கள்? என் தம்பி மனைவியிடம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண் ஆலோசகர் இரண்டு நிமிஷம் வெளியே வந்து "உங்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்டிருந்தால், மாத்திரை டப்பா கோர்ட் வரை போயிருக்கும்.

பெற்றோர் விஷயத்தில் 46-ஆம் பிரிவையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை என் கட்டுப்பாட்டில் இல்லை, அவனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரே கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம். பிள்ளை ஒரு குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. போன வருஷம் ஒரு அம்மா அப்படியொரு கடிதத்தோடு வந்தார். பதினாலு வயது மகள், பள்ளிக்குப் போகாமல் சுற்றுகிறாள். யாரோ சொல்லி, யாரோ மலாயில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "ஆஸ்ரமா மாதிரிங்க, சாப்பாடு எல்லாம் கவர்மெண்டு" என்றார். ஹாஸ்டல் என்று நினைத்திருக்கிறார். கடிதத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மெஷின் மூடியைத் திறந்து வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிரதி எடுக்காமலே போய்விட்டார்.

சரி, அடைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வருவோம். எங்கள் தாமானில் ஒரு குடும்பத்தின் மகன் மலாக்கா தெலுக் மாஸ் ஹென்றி கர்னி பள்ளியில் இருந்தான். சிறைச்சாலை இலாகாவின் கீழ் வருவது அது. இங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். முதலில் ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ராத்திரி பஸ், விடிவதற்குள் மலாக்கா சென்ட்ரல், அங்கே பெஞ்சில் காத்திருந்து, பிறகு கிராப் பிடித்து தெலுக் மாஸ். கொஞ்ச நேரம் பேச்சு. மறுபடி அதே வழி. இரண்டு பேர் போய்வந்தால் சாப்பாட்டோடு 300 வெள்ளி பக்கம், சம்பளமில்லாத லீவு தனி என்று அந்த அப்பா என் கடையில் நின்று கணக்குச் சொன்னார். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அதில் அவர் மாதம் ஒரு தடவை மலாக்காவுக்குப் போனால் என்ன மிஞ்சும்? போய்ப் பார் என்று பத்திரம் எழுதி வாங்கத் தெரிந்த சட்டத்துக்கு பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுக்கத் தெரியவில்லை. ஐ.நா. சிறார் உரிமை ஒப்பந்தத்தின் 37-ஆம் விதி, அடைக்கப்பட்ட பிள்ளைக்குக் குடும்பத்தோடு கடிதத்திலும் நேரிலும் தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. 1995-இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது நம் நாடு விலக்குக் கேட்ட விதிகளில் அதுவும் ஒன்று.

உங்கள் பக்கத்து பதிலும் எனக்குத் தெரியும். கூப்பிட்டால் வருவதில்லை, வந்தாலும் குடித்துவிட்டு வருகிறார்கள், பிள்ளையைக் கெடுத்ததே அந்த வீடுதான். ஆமாம், அப்படி வீடுகள் இருக்கின்றன. சம்சு குடித்துவிட்டு மகனின் பள்ளிப் பையை விற்ற ஒருவரையும், பெல்ட்டால் மகனை அடித்துவிட்டுப் பெருமையாகச் சொன்ன ஒருவரையும் எனக்கு நேராகத் தெரியும். அவர்களைக் கேட்டு எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு தாய்மாமன் இருப்பார், கல்யாணமாகிப் போன அக்கா இருப்பாள், பையன் அப்பா பேச்சைத் தட்டினாலும் தட்டாத ஒரு சித்தப்பா இருப்பார். நான் நிரப்பிய பாரங்களில் அப்பா, அம்மா, காப்பாளர் என்று மூன்று கட்டம்தான் பார்த்திருக்கிறேன். தாய்மாமனுக்குக் கட்டம் பார்த்ததில்லை.

நியூசிலாந்துக்காரர்கள் இதை 1989-இலேயே யோசித்துவிட்டார்கள். மாவோரி மக்கள், எங்கள் பிள்ளைகளை எங்களைக் கேட்காமல் கொண்டுபோகிறீர்கள் என்று போராடிக் கேட்டதன் பலன். அந்த வருஷத்துச் சட்டத்தில் குடும்பக் கூட்டம் என்று ஒன்றை வைத்தார்கள். பிள்ளை, அப்பா அம்மா, பாட்டி, மாமா, சித்தி எல்லாரும் ஒரு பக்கம், போலீஸும் பாதிக்கப்பட்டவரும் இன்னொரு பக்கம். நடந்ததைப் பேசிய பிறகு அதிகாரிகள் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குடும்பம் தனியாக உட்கார்ந்து இவனை என்ன செய்யலாம் என்று ஒரு திட்டம் போடும். பிறகு எல்லாரும் சேர்ந்து அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதிகாரிகள் வெளியே போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தூரம் என்று நினைத்தால் பக்கத்திலேயே தாய்லாந்து இருக்கிறது. அங்கும் 2003-இலிருந்து சிறார் வழக்குகளில் இதைப்போல் ஒன்றைச் செய்து வருகிறார்கள்.

தோட்டத்தில் அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கோயில் மண்டபத்திலேயே பேசி முடித்தோம் என்று எங்கள் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். என் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். தலைவர் பேசுவார், மண்டோர் (மேற்பார்வையாளர்) பேசுவார், பையனுக்கு நாலு அடி விழும், பெண்கள் தூணுக்குப் பின்னால் நிற்பார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றவர்களை முன்னால் உட்கார வைக்கிற கூட்டம் வேண்டும்.

அதற்குச் சட்டத்தைத் திருத்த வருஷக்கணக்கில் ஆகும் என்றால், திருத்தாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. அறிக்கை எழுத வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, எப்போது எல்லாரும் இருப்பீர்கள் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தத் தமிழ் வீட்டிலும் ஆள் இருக்கும். எழுதி முடித்ததும், கோர்ட்டுக்குப் போகும் முன்பே, அந்த வீட்டு மொழியில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தப்பாக இருந்தால் அவர்கள் சொன்னதையும் கீழே ஒரு பத்தியாக எழுதுங்கள். போலீஸ் அழைப்பைத் தமிழிலும் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பினால் என் தம்பி மனைவி அதை அழித்திருக்க மாட்டாள். வசதியில்லாத குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது பயணக் காசு கொடுங்கள்.

இன்னொன்று. சட்டப்படி இந்தப் பள்ளிகளுக்கு வருகையாளர் வாரியம் இருக்கிறது. கோர்ட்டுக்கு ஆலோசகர்களை அமைச்சர் நியமிக்கிறார். ஓய்வுபெற்ற அதிகாரி, தலைமையாசிரியர், டத்தோ பட்டம் வாங்கியவர் எல்லாரும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களோடு ஒரு நாற்காலியை, பிள்ளை உள்ளே போய்த் திரும்பி வந்த ஒரு அம்மாவுக்குக் கொடுங்கள். மலாக்கா சென்ட்ரல் பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்தவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது. என் கடைக்கு வருகிறவர்களிலேயே அப்படி மூன்று பேரை நான் காட்டுவேன். ஒருவர் மலாய் நன்றாகவே பேசுவார்.

தம்பி மகனைத் துனாஸ் பக்திக்கு அனுப்பவில்லை. இரண்டு வருஷக் கண்காணிப்பு, அதில் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பள்ளிக்குப் போகிறான், சனிக்கிழமைகளில் ஒரு மோட்டார் கடையில் வேலை பார்க்கிறான், இன்னும் பேச்சு கேட்பதில்லை. மாத்திரை டப்பாவை நிரப்புகிறான். இப்போது வரும் அதிகாரி வேறொருவர், அவனோடு கால்பந்து பேசுகிறார், அவனுக்கும் அவரைப் பிடித்திருக்கிறது.

அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து மாதா மாதம் வரச் சொல்கிற தேதி மட்டும் எப்போதும் வேலை நாளில் காலை பத்து மணிக்கே விழுகிறது. தம்பி மனைவி இதுவரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதற்காகத் தொழிற்சாலையில் வருகைப் படி வெட்டப்பட்ட சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் போட்டோஸ்டாட் எடுத்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம். அடுத்த தேதி வருகிற மாதம் இரண்டாவது வியாழன், அன்று அவளுக்குக் காலை ஷிப்ட். மாலை நாலு மணிக்கு மேல் மாற்றிக் கொடுத்தால் போதும். மாற்ற முடியாவிட்டால் அதையாவது அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறு ஆளோடு ஷிப்ட் மாற்றிக்கொள்வாள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் போட்டோஸ்டாட் கடைக்காரி